ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள், வயிற்றுக்குத்தோ நிற்கவில்லை

திருகோணமலை நகரை அண்டிய கடற்கரையூர் ஒன்றிலிருந்து 29 வயதுச் சகோதரி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கியிருக்கிறோம்.

அவர் முன்பள்ளி ஆசிரியை. கணவர் கடற்றொழில் செய்கிறார். ஒரு பிள்ளை. கடந்த 14 மாதங்களில் மூன்று தடவை கடும் வயிற்றுக்குத்து வந்து வார்ட்டில் படுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நோ நான்கைந்து நாள் நீடித்தது. சத்தி வந்தது, மலம் போகவில்லை, கால் இரண்டும் உளைந்தன, இரவில் கண் மூட முடியவில்லை. முதல் தடவை அப்பெண்டிக்ஸ் என்று சந்தேகித்துச் சத்திரசிகிச்சை செய்தார்கள். எடுத்த அப்பெண்டிக்ஸ் சாதாரணமாகவே இருந்ததாக அறிக்கை வந்தது. இரண்டாம் தடவை கந்தசஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள் வந்தது. அப்போது இளநீரும் பாலும் மட்டுமே குடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை கடந்த மாதம். நீர்க்கடுப்புக்கு கோ-ட்ரைமொக்சசோல் குளிசை தொடங்கிய நான்காம் நாள் குத்துத் தொடங்கியது. ஸ்கேன், எண்டொஸ்கோபி, ஈரல் பரிசோதனை எல்லாம் தெளிவு. "காஸ்ற்றைற்றிஸ்" என்று ஒரு வருடமாக ஒமெப்ரசோல் குடிக்கிறார். மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். மாமியார் வீட்டில் "நடிப்பு" என்கிறார்கள். கடன்பட்டாவது கொழும்புக்குப் போய் சி.ரி. ஸ்கேன் எடுக்கவா, இன்னொரு முறை வயிற்றைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கேட்கவா, உறவினர் ஒருவர் தந்த செந்தூரத்தைச் சாப்பிடவா என்பன அவரது கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நோ உண்மையான நோ. டயக்னோசிஸ் கார்ட்டில் இருந்து நீங்கள் பிரதி எடுத்து எழுதிய எண்களே அதற்குச் சாட்சி. நாடித்துடிப்பு 118, பிரஷர் 150/100, இரத்தச் சோடியம் 126. சோடியம் 135க்கும் 145க்கும் இடையில் இருக்கவேண்டும். நடிப்பினால் ஒருவர் அழலாம், புரளலாம். நடிப்பினால் சோடியத்தை 126க்கு இறக்க முடியாது. இந்த ஒரு வரியை மாமியார் வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்.

ஸ்கேன் எதைப் பார்க்கிறது?

வயிற்று ஸ்கேன் உருவத்தைப் பார்க்கும் கருவி. பித்தப்பைக் கல், சிறுநீரகத்தில் அடைப்பு, சூலகக் கட்டி, வயிற்றுக்குள் தேங்கிய நீர் எல்லாம் அதில் தெரியும். ஈரலுக்குள் நடக்கும் இரசாயனமோ, குடலை இயக்கும் நரம்பின் பாதிப்போ, வயிற்றுச் சுவரில் நெரிபட்ட சிறு நரம்போ தெரியாது. ஆகவே "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்பதற்கு, அந்தக் கருவி பார்க்கக்கூடிய பொருட்களில் பிழை இல்லை என்பதுதான் அர்த்தம். நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

உங்களுக்கு நோ உயிர் போகிறது. வைத்தியர் அழுத்திப் பார்த்தாலோ வயிறு மென்மையாக இருக்கிறது. இந்தப் பொருத்தமின்மைதான் பலரைச் சந்தேகப்பட வைத்திருக்கிறது. உண்மையில் அதுவே ஒரு தடயம். (உங்கள் வயதுக்குப் பொருந்தாவிட்டாலும் வாசிப்பவர்களுக்காக ஒன்று: 60 வயதைத் தாண்டிய, இதயத்துடிப்பு ஒழுங்கில்லாத ஒருவருக்கு இதே பொருத்தமின்மை திடீரென வந்தால் குடலுக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அது விடியும்வரை காத்திருக்கக்கூடிய விடயமல்ல.)

கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட இடங்கள்

மூன்று திகதிகளை எழுதியிருந்தீர்கள். வேறோர் இடத்தில் மாதவிடாய் தொடங்கிய நாட்களையும் எழுதியிருந்தீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று குத்தும் மாதவிடாய்க்கு 5 முதல் 9 நாள் முன்னர் தொடங்கியிருக்கின்றன. இரண்டாவதற்கு முன் பட்டினி. மூன்றாவதற்கு முன் சல்ஃபா வகை மருந்து. முதலாவதற்கு முன் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. குடும்பக்கட்டுப்பாட்டு ஊசியோ குளிசையோ புதிதாகத் தொடங்கினீர்களா, காய்ச்சல் வந்து சாப்பிடாமல் இருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது அந்தப் போத்தல். வார்ட்டில் 24 மணிநேரச் சிறுநீர் சேர்க்கச் சொன்னார்கள், போத்தலை யன்னல் ஓரம் வைத்திருந்தேன், பின்னேரம் பார்த்தால் பிளேன்ரீ நிறமாகிவிட்டது, பழசாகிவிட்டது என்று கொட்டிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சிறுநீர் போகும்போது அந்த நிறம் இருக்கவில்லை, வெயிலில் நின்ற பிறகுதான் மாறியது என்பதையும் கவனித்திருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் பெறுமதியான கவனிப்பு இது.

கடைசிப் பக்கத்தில் ஒற்றை வரியாக உங்கள் சின்னம்மாவைப் பற்றி எழுதியது இன்னொன்று. இளவயதில் அவருக்கும் இப்படி வயிற்றுக்குத்து வந்து, பிறகு கைகால் சோர்ந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார், செய்வினை என்று கழிப்புக் கழித்தார்கள் என்கிறீர்கள்.

இவற்றையெல்லாம் ஒரே நூலில் கோர்க்கக்கூடிய ஒரு வருத்தம் இருக்கிறது. அதன் பெயர் அக்கியூட் இண்டர்மிட்டன்ட் போர்ஃபிரியா. ஒரு கடிதத்தை வைத்து உங்களுக்கு அதுதான் என்று சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அது இல்லை என்று நிரூபிக்காமல் உங்களை "காஸ்ற்றைற்றிஸ்" என்று விட்டுவிடுவது சரியல்ல.

உடலில் நடப்பது இதுதான். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பொருளை உடல் எட்டுக் கட்டங்களில் செய்கிறது. தோணி கரைக்கு வந்ததும் எட்டுப் பேர் வரிசையில் நின்று மீன்பெட்டியைக் கைமாற்றுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். இந்த வருத்தம் உள்ளவர்களின் ஈரலில் மூன்றாவது ஆளுக்குப் பிறவியிலேயே ஒரு கைதான். வேலை மெதுவாக நடக்கும் நாட்களில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பட்டினி, மாதவிடாய்க்கு முந்திய நாட்களின் ஹோர்மோன், சில மருந்துகள், மதுபானம், புகைத்தல், தொற்றுக்காய்ச்சல் ஆகியவை முதலாவது ஆளை விரட்டத் தொடங்கினால், மூன்றாம் ஆளுக்கு முன்னால் பெட்டிகள் குவிந்துவிடும். அப்படிக் குவியும் பொருட்கள் இரண்டு: அமினோலெவுலினிக் அமிலம், போர்போபிலினோஜன். நரம்புகள் பாதிக்கப்படுவது இந்தக் குவிவினால்தான். குடலின் நரம்பு பாதித்தால் குத்தும் மலச்சிக்கலும், இதயத்தை ஆளும் நரம்பு பாதித்தால் படபடப்பும் பிரஷரும், கைகால் நரம்பு பாதித்தால் உளைவும் பலவீனமும் வரும். சிறுநீரில் இறங்கும் போர்போபிலினோஜன் வெளிச்சம் பட்டு நிற்க நிற்கக் கருஞ்சிவப்பாகவோ தேயிலை நிறமாகவோ மாறும்.

சிறுநீர்ப் பரிசோதனை: செய்யும் முறையில்தான் எல்லாம்

கேட்கவேண்டிய பரிசோதனை "சிறுநீர் போர்போபிலினோஜன்". அதே மாதிரியில் அமினோலெவுலினிக் அமிலமும், சிறுநீரில் வழமையாக வெளியேறும் கழிவுப்பொருளான கிரியேட்டினினும் பார்க்கவேண்டும். கிரியேட்டினின் ஏன் என்றால், தண்ணீர் கூடக் குடித்துச் சிறுநீர் ஐதாகியிருந்தால் அளவு பொய்யாகக் குறைந்து தெரியும். கிரியேட்டினினோடு ஒப்பிட்டால் அந்தப் பிழை நீங்கும். "போர்ஃபிரின்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வேறு பரிசோதனை நடந்துவிடும். ஈரல் வருத்தங்கள் பலவற்றிலும் போர்ஃபிரின் கொஞ்சம் ஏறும், அதை வைத்து இல்லாத நோயைச் சூட்டிவிடுவார்கள். துண்டில் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

24 மணிநேரம் சேர்க்கத் தேவையில்லை. ஒரு தடவை போகும் சிறுநீரில் 20 முதல் 30 மில்லிலீற்றர் போதும். மூடியுள்ள சுத்தமான போத்தலில் எடுத்து, உடனே சமையலறை அலுமினியத் தாளால் முழுவதும் சுற்றி, ஐஸ் வைத்த பெட்டியில் ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கவேண்டும். வெளிச்சமும் சூடும் பட்டால் அளக்கவேண்டிய பொருளே உருமாறிவிடும். யன்னல் ஓரத்துப் போத்தலில் நடந்தது அதுதான். திருகோணமலையில் எடுக்கும் மாதிரி வெளியூர் ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டி வரலாம். யார் அனுப்புவது, உறைய வைத்து அனுப்புவதா என்பதை நோ இல்லாத ஒரு நாளில் கேட்டுத் தெரிந்து வையுங்கள். குத்து வந்த இரவில் அதையெல்லாம் விசாரிக்க முடியாது.

எப்போது எடுப்பது? குத்து உச்சத்தில் இருக்கும்போது, சிகிச்சை தொடங்கு முன். அப்போது அளவு வழமையான மேல் எல்லையைவிடப் பலமடங்கு, பெரும்பாலும் 10 மடங்குக்கு மேல் இருக்கும். கடும் குத்து நேரத்தில் முறையாக எடுத்த மாதிரியில் இரண்டு பொருளும் சாதாரணமென்றால், அந்தக் குத்துக்குப் போர்ஃபிரியா காரணமில்லை என்று வேறு பக்கம் தேடலாம். இந்த வகையில் குத்து நின்ற பிறகும் போர்போபிலினோஜன் பலருக்கு மாதக்கணக்கில் உயர்ந்தே நிற்கும் என்பதால் இப்போதே ஒருமுறை பார்ப்பதும் வீணல்ல. ஆனால் நோ இல்லாத நாளில் சாதாரணமென்று வந்தால் அதை முடிவாக எடுக்காதீர்கள்.

வீட்டிலேயே ஒரு கிளாசில் ஊற்றி வெயிலில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்கத் தோன்றும். பார்க்கலாம், படமும் எடுத்து வைக்கலாம். ஆனால் அது சான்றாகாது. நீர் வற்றினாலும், மஞ்சள்காமாலையிலும், பீற்றூட் சாப்பிட்டாலும் நிறம் மாறும்.

ஈயம்: உங்கள் வீட்டில் கேட்கவேண்டிய கேள்வி

கணவர் கடற்றொழில் செய்பவர் என்றதால் இதைக் கேட்கிறேன். வலைக்கு ஈயக்குண்டு வார்க்க வீட்டு அடுப்பிலோ குசினிக்குப் பின்னாலோ ஈயம் உருக்குகிறீர்களா? ஈயம் உடலில் சேர்ந்தாலும் கடும் வயிற்றுக்குத்து, மலச்சிக்கல், கைகால் பலவீனம் வரும். மேலே சொன்ன அதே எட்டுப் பேர் வரிசையில் இரண்டாவது ஆளை அது முடக்குகிறது. அதனால் சிறுநீரில் அமினோலெவுலினிக் அமிலம் ஏறும், போர்போபிலினோஜன் ஏறாது. இரண்டையும் சேர்த்து அளக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கூடவே இரத்தத்தில் ஈய அளவும் பார்க்கவேண்டும். உருக்கும் வழக்கம் இருந்தால் இன்றே வீட்டுக்கு வெளியே, பிள்ளை நடமாடாத இடத்துக்கு மாற்றுங்கள். பிள்ளையின் இரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுபிள்ளைகளின் மூளைதான் ஈயத்தால் அதிகம் பாதிக்கப்படுவது.

செந்தூரத்துக்கும் இதுவே பதில். என்ன உலோகம், எவ்வளவு என்று தெரியாத பற்பம், செந்தூரம் எதையும் இப்போது தொடாதீர்கள். அப்படிப்பட்ட மருந்துகளில் ஈயம் கலந்து வந்து இதே குத்தை உண்டாக்கியது உலகெங்கும் பதிவாகியிருக்கிறது. நாட்டு வைத்தியத்தை இகழ்ந்து இதைச் சொல்லவில்லை.

வேறென்ன இருக்கலாம்?

சோடியம் குறைவு என்றதும் அட்ரீனல் சுரப்பி பலவீனம் நினைவுக்கு வரும். ஆனால் அதில் பிரஷர் இறங்கும், உங்களுக்கு ஏறியிருக்கிறது. காலையில் எடுக்கும் ஒரு கோர்ட்டிசோல் பரிசோதனை அதைத் தெளிவாக்கும். இரத்தக் கல்சியம், சீனி, ஈ.சி.ஜி. மூன்றும் எளிது. கல்சியம் கூடினாலும், நீரிழிவில் கீட்டோன் தேங்கினாலும், இதயத்தின் அடிப்பக்கத்தில் அடைப்பு வந்தாலும் வயிற்றுநோவாகவே தொடங்கலாம்.

எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது) மாதவிடாயோடு ஒட்டி வருவதால் பெண்நோயியல் நிபுணரிடமும் ஒருமுறை காட்டுங்கள். இருந்தாலும் சோடியத்தையும் நாடித்துடிப்பையும் அது விளக்காது. வயிற்றுச் சுவர் நரம்பு நெரிபடுவதை நீங்களே சோதிக்கலாம். மல்லாந்து படுத்து, நோகும் இடத்தில் ஒரு விரலை அழுத்தியபடி தலையையும் தோளையும் மட்டும் உயர்த்துங்கள். நோ கூடினால் கோளாறு சுவரில், குறைந்தால் உள்ளே. உங்களுக்கு வயிறு முழுக்க நோகிறது என்பதால் இதற்கு வாய்ப்புக் குறைவு. மீன்முள் குடலைத் துளைப்பதும் நம் கரையோரத்தில் மறக்கக்கூடாத காரணம். விழுங்கியதே பலருக்கு நினைவிருக்காது. ஆனால் அது ஒரே இடத்தில் நின்று, காய்ச்சலோடு மோசமாகிக்கொண்டு போகும். மூன்று தடவை வந்து தானாக நிற்காது.

உங்களுக்குப் பொருந்தாத ஒன்றையும் இந்த மாவட்டத்தில் வாழ்பவர்களுக்காகச் சொல்லியே ஆகவேண்டும். தரையில் பாய் விரித்துப் படுத்தவர் நடு இரவில் வயிற்றுக்குத்தோடு எழும்பினால் கட்டுவிரியன் கடியை நினையுங்கள். கடித்த இடத்தில் வீக்கமோ நோவோ அடையாளமோ இல்லாமலே இருக்கலாம். இமை தொங்குகிறதா, பேச்சுக் குழறுகிறதா, விழுங்கக் கஷ்டமா என்று பாருங்கள். அந்த அறிகுறிகள் வரும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சோடா குடிக்கக் கொடுத்துப் பார்க்கும் நேரம் அதுவல்ல.

நீங்கள் கேட்ட கேள்விகள்

கடன்பட்டுக் கொழும்புக்கு இரவு ரயில் ஏறவேண்டாம். சி.ரி. ஸ்கேனும் உருவத்தைப் பார்க்கும் கருவிதான். நோ இல்லாத நாளில் எடுத்தால் இன்னொரு "தெளிவு" அறிக்கைதான் கையில் வரும். முதலில் மாவட்டப் பொது வைத்தியசாலையில் பொது வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குப் போங்கள். அரச வைத்தியசாலை என்பதால் ஆலோசனைக்குக் கட்டணமில்லை. மூன்று டயக்னோசிஸ் கார்ட்டும், அப்பெண்டிக்ஸ் அறிக்கையும், ஒரு பக்கத் தாளும் கொண்டுபோங்கள். அந்தத் தாளில் குத்துத் தொடங்கிய திகதி, அதற்கு முந்திய மாதவிடாய்த் திகதி, முந்திய இரண்டு வாரத்தில் குடித்த மருந்து, சாப்பாடு, ஒவ்வொரு தடவையும் இருந்த சோடியம் மட்டும் போதும். கதையாகச் சொன்னால் கிளினிக் நெரிசலில் பாதி விடுபட்டுவிடும்.

வயிற்றைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கேட்காதீர்கள். முதல் தடவை அப்பெண்டிக்ஸை எடுத்தது தவறு என்றும் நினைக்காதீர்கள். அந்த இரவில் அது உண்மையிலேயே அப்பெண்டிக்ஸாக இருந்து தவறவிட்டிருந்தால் ஆபத்து பெரிது. ஆனால் இனிமேல் எந்தச் சத்திரசிகிச்சைக்கும் முன் மயக்கமருந்து வைத்தியரிடம் "போர்ஃபிரியா சந்தேகம் இருக்கிறது" என்று கட்டாயம் சொல்லவேண்டும். தயோபென்டோன் போன்ற சில மயக்க ஊசிகள் இதற்கு ஆகாது.

ஒமெப்ரசோலைப் பொறுத்தவரை, எண்டொஸ்கோபியில் புண் இல்லை, ஒரு வருடமாகக் குடித்தும் குத்து நிற்கவில்லை. தொடர்வதற்குக் காரணம் தெரியவில்லை. திடீரென நிறுத்தினால் சில வாரம் நெஞ்செரிவு கூடலாம். அதனால் கிளினிக்கில் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

மனநல மருத்துவரிடம் போவதில் குறைவொன்றும் இல்லை. 14 மாதம் இப்படி அவதிப்பட்டவருக்கு அது ஆறுதலாகவும் இருக்கும். ஆனால் நித்திரையின்மை, பதற்றம், சிலருக்குக் குழப்பமான பேச்சு ஆகியவை இந்த வருத்தத்தின் பகுதியாகவே வரக்கூடியவை. வலிப்புக்கும் மனநிலைச் சீராக்கலுக்கும் தரும் கார்பமசெபின், வல்ப்ரோவேற் இரண்டும் குத்தைத் தூண்டும். முடிவு தெரியும்வரை பினைட்டொயின், பினோபாபிட்டோன், ரிஃபாம்பிசின், சல்ஃபா மருந்துகள், புரொஜெஸ்டரோன் வகைக் கருத்தடை ஊசியும் குளிசையும் இதே பட்டியலில் இருக்கட்டும். அதற்காக ஏற்கனவே வலிப்புக்கோ காசத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் இதை வாசித்துவிட்டுத் தாமாக நிறுத்தக்கூடாது.

விரதம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று கடிதத்தில் தெரிகிறது. முருகனை விடச் சொல்லவில்லை, பட்டினியை விடுங்கள். மூன்று நேரமும் பால்சோறு, பழம், கிழங்கு என்று மாச்சத்துள்ள சைவச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே சஷ்டி பிடிக்கலாம்.

அடுத்த குத்து வந்தால்

வீட்டில் பொறுத்திருக்காமல் முதல் சில மணிநேரத்திலேயே போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். உள்ளே போனதும் "போர்ஃபிரியா சந்தேகம், சிகிச்சைக்கு முன் சிறுநீர் எடுத்து வெளிச்சம் படாமல் வைக்கவேண்டும், கடந்த தடவை சோடியம் 126" என்று சொல்லுங்கள், அல்லது எழுதிய துண்டை நீட்டுங்கள். பரசிற்றமோலும் மோர்ஃபினும் இதில் பாதுகாப்பானவை. சத்திக்கு ஒண்டான்செற்றொன் கொடுக்கலாம். மாச்சத்துக்காக இரத்தநாளம் வழியாக ஒரு நாளைக்கு 300 கிராம் குளுக்கோஸ் வரை தேவைப்படும். 5 சதவீத குளுக்கோஸ் போத்தல்களால் அதை எட்ட முயன்றால் தண்ணீர்தான் கூடி, ஏற்கனவே குறைந்த சோடியம் இன்னும் இறங்கி வலிப்பு வரலாம். அதனால் 10 சதவீதக் கரைசலும் அடிக்கடி சோடியப் பரிசோதனையும் வேண்டும். நோய் உறுதியாகிக் குத்துக் கடுமையாக இருந்தால் தரும் மருந்து ஹீமின். எடையில் கிலோவுக்கு 3 முதல் 4 மில்லிகிராம் வீதம் தினமும், வழமையாக 4 நாள். அது எந்த வார்ட்டிலும் அலுமாரியில் இருக்கும் மருந்தல்ல. ஆகவே நோய் உறுதியானதும் எங்கிருந்து பெறுவது என்று நிபுணர் முன்கூட்டியே ஏற்பாடு செய்யவேண்டும்.

எல்லாக் குத்தையும் போர்ஃபிரியாவின் கணக்கில் எழுதியும் விடாதீர்கள். மாதவிடாய் தள்ளிப்போய் நோவும் தலைச்சுற்றும் வந்தால் கருப்பைக்கு வெளியே கரு தங்கியிருக்கலாம். வயிறு பலகைபோல இறுகினால் குடல் துளைபட்டிருக்கலாம். காய்ச்சல் விடும் நேரத்தில் வயிறு நொந்தால் டெங்கு மோசமாகிக்கொண்டிருக்கலாம். இவை மூன்றும் உடனே பார்க்கவேண்டியவை. கை உயர்த்த முடியாமல், குரல் மாறி, மூச்சு வாங்கத் தொடங்கினாலும் அப்படியே. அப்போது வார்ட்டில் அல்ல, அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கவேண்டும்.

கடைசியாக, சின்னம்மா. அவர் இன்னும் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கோளாறு பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு வர 2க்கு 1 என்ற வாய்ப்பு. ஆனால் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு குத்தும் வராது. உங்கள் அம்மாவுக்கு ஒன்றும் வராமல் சின்னம்மாவுக்கும் உங்களுக்கும் மட்டும் வந்திருப்பது அதற்குப் பொருந்தும். சின்னம்மாவின் பழைய கிளினிக் கொப்பிகள் இருந்தால் தேடி எடுங்கள். அந்த நாட்களில் குத்து வந்தது எப்போது, கைகால் சோர்ந்தது அதற்குப் பிறகு எத்தனை நாளில், வலிப்புக்கு ஏதாவது மருந்து கொடுத்தார்களா என்று கேட்டு, உங்கள் ஒரு பக்கத் தாளின் அடியில் எழுதுங்கள். கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய சிறுநீரும் அலுமினியத் தாள் சுற்றிய இன்னொரு போத்தலில் போகட்டும்.